அறங்காவலரின் தங்கை

கொன்றைப்பாக்கத்தில் தினகரன் பெயர் எழுதாத சுவர் என்று ஒன்று இருந்தால், அது அவன் கூடப் பிறந்த தங்கை தமிழ்ச்செல்வியின் வீட்டுச் சுவர்தான். பள்ளிக்கூடத்துக் கழிப்பறையில் அவன் பெயர் உண்டு. பால் சொசைட்டிக் கட்டடத்தில் உண்டு. சுடுகாட்டில் போட்ட தகரக் கொட்டகையில்கூட 'உபயம்: ராஜாராம் நினைவு அறக்கட்டளை, தினகரன், மும்பை' என்று நீலப் பெயிண்டில் கொட்டை எழுத்தில் எழுதியிருக்கிறது. படுத்துக்கொண்டு வருகிறவன் படிக்கப் போவதில்லை, தூக்கிக்கொண்டு வருகிறவர்களாவது படிக்கட்டும் என்று நினைத்திருப்பார்கள் போல.

செல்விக்கு அண்ணன்மேல் பொறாமை கிடையாது. தோட்டைக் கழற்றி விற்று அண்ணனைப் படிக்க வைத்த தங்கையும் அல்ல அவள். அதெல்லாம் சினிமாவில் நடக்கும். தினகரனுக்கு மூளை இருந்தது, படித்தான், சர்க்கார் உதவித்தொகையில் மேலே போனான். செல்விக்குப் படிப்பு ஏறவில்லை, பத்தாவதோடு நிறுத்திக்கொண்டு பக்கத்துத் தெரு எல்லப்பனைக் கட்டிக்கொண்டாள். அண்ணன் தனக்கு எதையும் திருப்பித் தர வேண்டும் என்று அவள் ஒரு நாளும் நினைத்ததில்லை. அவன் தன் மகள் சுதாவுக்குத் தாய்மாமன் என்று மட்டும் நினைத்துக்கொண்டிருந்தாள்.

அந்தச் சுதாவுக்குத்தான் இப்போது நர்சிங் படிக்க இடம் கிடைத்திருந்தது. சர்க்கார் கல்லூரியில் மயிரிழையில் தவறிப்போய், காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு தனியார் கல்லூரியில். மாதக் கடைசிக்குள் முதல் வருஷப் பணத்தைக் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் இடம் அடுத்த பெண்ணுக்குப் போய்விடும் என்று சொல்லிவிட்டார்கள். எல்லப்பன் பவர் டில்லரில் காலை விட்டுக்கொண்டு செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கூட இருந்தவள் சுதா. புண்ணைப் பார்த்து எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொண்டபோது கட்டுப் பிரிக்கக் கற்றுக்கொண்டவள் அவள். வேறு எந்தப் படிப்பும் வேண்டாம் என்று அன்றைக்கே சொல்லிவிட்டாள். அந்தக் காலோடு எல்லப்பன் இப்போது பாதி நிலத்தில்தான் பயிர் வைக்கிறான். பணத்துக்கு வழி இல்லை.

வழி இல்லை என்று சொன்னால் ஊரே சிரித்தது. தினகரன் தங்கைக்கா வழி இல்லை?

தினகரன் இருப்பது மும்பையில், ஒரு பெரிய முதலீட்டு நிறுவனத்தில். பணம் இருக்கிறவர்களிடம் பணத்தை வாங்கி, எந்தக் கம்பெனியில் போட்டால் குட்டி போடும் என்று பார்த்துப் போடுவது அவர்கள் தொழில். ஓரத்து நாற்காலியில் வேலைக்குச் சேர்ந்தவன் இன்று அந்த நிறுவனத்துக்கே தலைவன். மேலே போனதற்குக் காரணம் அவன் போட்ட பணம் குட்டி போட்டது மட்டுமல்ல. அவனுக்கு மேலே இருந்த ஒருவர், தன் மச்சான் நடத்திய கம்பெனியில் வாடிக்கையாளர் பணத்தைச் சத்தமில்லாமல் போட்டிருந்தார். அதைக் கண்டுபிடித்து மேலிடத்தில் சொன்னவன் தினகரன். அவர் வெளியே போனார், அந்த நாற்காலியில் இவன் உட்கார்ந்தான். 'சுத்தமான ஆள்' என்ற பெயர் அன்றைக்கு வந்தது. அந்தப் பெயரை நம்பித்தான் பணக்காரர்கள் அவனிடம் கொண்டுவந்து கொட்டினார்கள். அது முதல் சொந்தக்காரர்கள் என்றாலே அவனுக்குத் தொற்றுநோய்க்காரர்களைப் பார்ப்பது போல. தள்ளி நின்று நலம் விசாரிப்பான்.

சுதா வயசுக்கு வந்தபோது தாய்மாமன் சீர் என்ன வரும் என்று ஊரே வாயைப் பிளந்துகொண்டு காத்திருந்தது. தட்டு வரவில்லை, புடவை வரவில்லை, அவனும் வரவில்லை. அதற்குப் பதிலாக, மருமகள் பெயரால் ஊருக்கு நல்லது செய்கிறேன் என்று, அவள் படிக்கும் பள்ளிக்கூடத்துக்கு நாப்கின் எரிக்கிற மெஷின் ஒன்றை வாங்கி அனுப்பினான். 'குமாரி சுதாவின் பூப்பு நன்னாளை முன்னிட்டு' என்று அதன் நெற்றியில் பித்தளைத் தகடு. பிளஸ் டூ முடிக்கும்வரை அந்த மெஷின் இருந்த அறைக்குள் சுதா காலை வைக்கவில்லை. பையன்கள் அவளுக்கு என்ன பெயர் வைத்தார்கள் என்பதை அவள் அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. தினகரன் அந்த மெஷினோடு தலைமையாசிரியர் நிற்கும் போட்டோவை மும்பையில் ஒரு கூட்டத்தில் காட்டிக் கைதட்டு வாங்கினான்.

கெட்டவன் என்று சொல்ல முடியாது. கெட்டவனாக இருந்தால் திட்டிவிட்டுப் போயிருக்கலாம்.

அப்பா ராஜாராம் பெயரில் தினகரன் வைத்த அறக்கட்டளையில் வருஷா வருஷம் சுற்றுவட்டார ஏழைப் பெண்களுக்கு மேற்படிப்புக்குப் பணம் கட்டினார்கள். செல்வியும் தினகரனும் பிறந்த வீடுதான் இப்போது அதன் ஆபீஸ். அதன் மேனேஜர் ஜெகன், செங்கல்பட்டுப் பையன், தங்கமானவன். சுதாவின் மார்க்கைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்தது, உடனே வாடியும் போனது.

"அக்கா, வந்ததுல உங்க பொண்ணுதான் ஃபர்ஸ்ட்டு. ஆனா டிரஸ்டிங்களுக்கு ஒறவு இல்லன்னு கையெழுத்து போடணும். அதுக்கு நான் இன்னா பண்றது?"

செல்வி அண்ணனுக்குப் போன் போட்டாள். அவன் அன்பாகத்தான் பேசினான். எல்லப்பன் கால் எப்படி இருக்கிறது என்று கேட்டான், சுதா மார்க்கைக் கேட்டுச் சந்தோஷப்பட்டான். பிறகு, ஊரில் யார் கேட்டாலும் கொடுக்கலாம், நீ கேட்டால் மட்டும் கொடுக்க முடியாது என்றான். அப்படியானால் டிரஸ்ட் வேண்டாம், உன் கையிலிருந்து கொடு என்றாள் செல்வி.

"என்னுதுன்னு இருக்கறதெல்லாம் டிரஸ்ட்டுக்குத்தான்னு உலகத்துக்கே சொல்லிட்டேன் செல்வி. அதுல தனியா எடுத்து என் வீட்டுக்குக் குடுத்தா, நான் அன்னைக்கு வெளிய அனுப்பின ஆளுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?"

வித்தியாசம் இருக்கிறது என்று செல்விக்குத் தெரியும். அவர் போட்டது ஊரார் பணம், இவனிடம் கேட்டது இவன் பணம். போனை வைத்த பிறகு அதை அடுப்படியில் நின்றுகொண்டு பாத்திரங்களுக்குச் சொன்னாள்.

பேங்கில் போய்க் கேட்டால், உங்கள் அண்ணன் ஜாமீன் கையெழுத்துப் போடட்டும், இன்றைக்கே லோன் தருகிறேன் என்றார் மேனேஜர். யாருக்கும் ஜாமீன் நிற்கக் கூடாது என்று எங்கள் நிறுவனத்தில் விதி இருக்கிறது என்று தினகரன் எஸ்.எம்.எஸ். அனுப்பினான். உத்திரமேரூர் பஜாரில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் குத்புதீன் பாய், வியாபாரிகள் சங்கத்தின் மூலம் எந்த மதத்துப் பிள்ளை வந்தாலும் பணம் கட்டுகிறவர். செல்வியை உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்துவிட்டுத் தயங்கித் தயங்கிச் சொன்னார். "எங்க சங்கத்துக்கே ஆம்புலன்ஸ் வாங்கிக் குடுத்தவரும்மா உங்க அண்ணன். அவரு மருமவளுக்கு நாங்க துட்டு கட்டுனா அவர அவமானப்படுத்துன மாதிரி ஆயிடாதா?" பாய் சொன்னதில் தப்பில்லை. அதுதான் செல்விக்கு ஆத்திரமாக வந்தது. யார் சொன்னதிலும் தப்பில்லை, ஆனால் வள்ளலின் தங்கையாகப் பிறந்தவள் மகளுக்கு மட்டும் ஒரு பைசா வழியில்லை.

அந்த ஆத்திரத்தில்தான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. முன்னொரு முறை ஊருக்கு வந்தபோது தினகரன் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தான், ஒரு கம்பெனியை எப்படி இரண்டாக வெட்டுவார்கள் என்று. ஆபீஸ் அதே ஆபீஸ், ஆட்கள் அதே ஆட்கள். ஆனால் நாலு பேர் முன்னால் இன்ன தேதியிலிருந்து இதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்று சொல்லிவிட்டால் இல்லைதான், அப்புறம் சட்டம் கிட்டே வராது என்றான். உறவு இருப்பதுதானே இடைஞ்சல்? உறவை வெட்ட ஊரிலேயே வழி இருக்கிறதே என்று நினைத்தாள் செல்வி. தலைமுழுகிவிட்டால் போயிற்று.

தலைமுழுகுவது அந்தப் பக்கத்தில் விளையாட்டுக் காரியமல்ல. செத்தவர்களுக்குத்தான் முழுகுவார்கள். ஓடிப்போன பிள்ளைக்கோ, குடும்பத்தைக் கெடுத்தவனுக்கோ உயிரோடு இருக்கும்போதே முழுகினால், அன்றிலிருந்து அவன் செத்தவன். நல்லது கெட்டதுக்குச் சொல்லி அனுப்பமாட்டார்கள். சீர் வாங்கமாட்டார்கள். தாய்மாமன் முன்னே நிற்க வேண்டிய காரியம் வந்தால் அந்த இடத்தைக் காலியாக விட்டுவிடுவார்கள்.

எல்லப்பன் கோபத்தில் கைத்தடியைத் தூக்கி எறிந்தான்.

"சோறு போடலன்னாலும் அவன் உனுக்கு அண்ணன்டி. ஒரு சீட்டுக்காவ யாருனா இத்த பண்ணுவாங்களா?"

"பேருக்குத்தான்யா. அவங்க கம்பெனில தெனைக்கும் இத்ததான் பண்ணிக்கினு கீறாங்க. அவனே சொல்லிக்கீறான். அவனுக்குப் புரியும்."

அவள் அதை முழுசாக நம்பினாள். அண்ணன் இதைக் கேட்டுச் சிரிப்பான், 'பரவாயில்லையே, உனக்கும் மூளை இருக்கே' என்பான் என்றுகூட நினைத்தாள். சுதா கல்லூரியில் சேர்ந்த பிறகு, பங்காளிகளைக் கூப்பிட்டுச் சோறு போட்டு உறவைச் சேர்த்துக்கொண்டால் ஆயிற்று. அப்படிச் சேர்ந்தவர்கள் யாராவது உண்டா என்று அவள் யோசித்துப் பார்க்கவில்லை.

பெரிய பங்காளி பஞ்சாட்சரம் முதலில் வரமாட்டேன் என்றார். தினகரன் கொடுத்த மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவனுக்கே சாவுச் சடங்கு பார்ப்பதா என்று அவருக்கு உறுத்தியது. செல்வி காலில் விழுந்தாள். கடைசியில் கண்ணாடியைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு வந்தார்.

ஏரியில் தண்ணீர் பாதிதான் இருந்தது. செல்வி இடுப்பளவு வரை இறங்கி மூன்று முழுக்குப் போட்டாள். ஒவ்வொரு தடவையும் தண்ணீருக்குள் மூச்சைப் பிடித்துக்கொண்டு, அண்ணா தப்பா நெனச்சிக்காதே என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். கரையேறி, சொட்டச் சொட்ட நின்று, கூடியிருந்தவர்களைப் பார்த்துச் சொன்னாள்.

"இன்னியிலேர்ந்து தினகரனுக்கும் எனுக்கும் எந்த ஒறவும் இல்ல."

சொல்லும்போது உடம்பு நடுங்கியது. பொய் சொல்கிறோம் என்ற நடுக்கம்தான் அது. யாரோ செல்போனில் படம் பிடித்தார்கள். பிடிக்கட்டும், அத்தாட்சி ஆயிற்று என்று விட்டுவிட்டாள். தலை காய்வதற்குள் சுதாவை இழுத்துக்கொண்டு அறக்கட்டளை ஆபீசுக்குப் போய், இப்போது கையெழுத்துப் போடலாமா என்று கேட்டாள். ஜெகனுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. மனுவை வாங்கி வைத்துக்கொண்டான், வீடியோவை மும்பைக்கு அனுப்பினான்.

மறுநாளே பதில் வந்தது. உதவித்தொகை விழாவுக்குச் சார் நேரில் வருகிறார், தங்கையையும் மருமகளையும் முன் வரிசையில் உட்காரவைக்கச் சொல்லியிருக்கிறார் என்றான் ஜெகன். செல்விக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பார்த்தாயா, புரிந்துகொண்டான் என்று எல்லப்பனிடம் சொன்னாள். சுதாவுக்குப் புதுச் சுடிதார் எடுத்தாள். எல்லப்பன் மட்டும் வரவில்லை.

விழா உத்திரமேரூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. முன் வரிசை நாற்காலிகளில் வெள்ளைத் துணி போட்டிருந்தார்கள். ஊர்க்காரர்கள் வேன் பிடித்து வந்திருந்தார்கள், பஞ்சாட்சரமும் கண்ணாடியோடு வந்திருந்தார். தினகரன் பேச எழுந்தான். அப்பாவைப் பற்றிச் சொன்னான், உழைப்பைப் பற்றிச் சொன்னான். சொந்தம் என்று பார்த்துக் காசைப் போடுகிறவன் முதலில் தன்னைத்தான் விற்கிறான் என்று சொன்னான். பிறகு மைக்கை விட்டு விலகி, கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டு வந்தான்.

"என் தங்கச்சி இதோ முன்னாடிதான் உட்கார்ந்திருக்கா. அவ பொண்ணுக்கு உதவி கேட்டா, நான் முடியாதுன்னேன். அதுக்காக ஊர் முன்னாடி எனக்குத் தலைமுழுகிட்டா. உயிரோட இருக்கும்போதே நான் செத்தவன். நேர்மைக்கு நான் குடுத்த விலை இதுதான்."

சொல்லும்போதே அவன் குரல் உடைந்தது. கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டான். அவன் அழுதது நடிப்பில்லை, நிஜமாகவே அழுதான். அந்த அழுகையைப் போல ஒரு கேவலத்தைச் செல்வி தன் வாழ்க்கையில் பார்த்ததில்லை. மண்டபம் முழுக்க எழுந்து நின்று கைதட்டியது. ஏரிக்கரையில் நின்று சாட்சி பார்த்தவர்களும் தட்டினார்கள். கேமராக்காரன் செல்வியின் முகத்துக்கு நேராக வந்து நின்றான். பிறகு உதவி பெறும் பெண்களின் பெயர்களை ஜெகன் வாசித்தான். முதல் பெயர் மாகறலைச் சேர்ந்த ஒரு பெண்ணுடையது. கடைசிப் பெயர்வரை சுதாவின் பெயர் வரவில்லை. எல்லோரும் தட்டியதால் சுதாவும் ஒவ்வொரு பெயருக்கும் கையைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

வெளியே காரைச் சுற்றிச் செல்ஃபி எடுக்கிற கூட்டம். செல்வி மகளைப் பிடித்துக்கொண்டு இடித்துத் தள்ளிக்கொண்டு போய்க் கார்க் கதவைப் பிடித்தாள்.

"அண்ணா, முழுகுனது பேருக்குத்தான். ரூலுக்காவ பண்ணேன். சுதாவுக்கு நாளு ஓடிக்கினு கீது."

காருக்குள் இருந்த தினகரன் அவள் கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டான். எத்தனை முறை முழுகினாலும் ரத்தம் ரத்தம்தான், விதிப்படி சுதா எப்போதும் தங்கை மகள்தான் என்று மெதுவாகச் சொன்னான். செல்விக்கு ஒரு பக்கம் இடி விழுந்தது போல் இருந்தாலும் இன்னொரு பக்கம் நெஞ்சு ஆறியது. சரி, பணம் போகட்டும், தங்கைதான் என்று அவன் வாயால் சொல்லிவிட்டான். அப்படின்னா வூட்டுக்கு வந்து ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போ அண்ணா, நைனா இருந்தா உன்ன இப்பிடி வாசலோட அனுப்புவாரா என்று கூப்பிட்டாள்.

அவன் கையை விட்டுவிட்டான்.

"இனிமே எப்படிம்மா வர்றது? ஊர் முன்னாடி முழுகிட்டியே. ஊர் வழக்கத்த நான் மீற முடியுமா?"

அண்ணனின் முகத்தைச் செல்வி உற்றுப் பார்த்தாள். அதில் வருத்தம் இருந்தது. வருத்தத்துக்கு அடியில், தலையிலிருந்து பெரிய மூட்டையை இறக்கி வைத்தவனின் நிம்மதியும் இருந்தது. அம்மாவுக்குப் பின்னால் நின்ற சுதா முன்னால் வந்தாள்.

"அப்போ நாங்க உங்களுக்கு யாரு சார்?"

மாமா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த வாய்தான். பங்குதாரர்கள் நூறு பேர் கேட்டாலும் சளைக்காமல் பதில் சொல்கிற ஆள், அந்தக் கேள்விக்கு இடமும் வலமும் பார்த்தான். செல்ஃபிக்காரர்கள் காத்துக்கொண்டிருந்தார்கள்.

"நல்லாப் படிம்மா," என்று சொல்லிவிட்டுக் கார்க் கண்ணாடியை ஏற்றிக்கொண்டான்.

மாதம் முடிந்தது, சீட்டு அடுத்த பெண்ணுக்குப் போனது. தினகரன் அழுத வீடியோவை லட்சக்கணக்கானவர்கள் பார்த்தார்கள். அதைப் பற்றி ஒரு இங்கிலீஷ் பத்திரிகை எழுதியதாக ஜெகன் சொன்னான். வேறு வேலை தேடிக்கொண்டிருக்கிறேன் என்றும் சொன்னான். ஊரில் செல்வியைப் பார்த்தால் பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். பொன்னான அண்ணனுக்குக் காசுக்காகத் தலைமுழுகினவள் என்று பெயர் நின்றுவிட்டது. சுதா ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் சேர்ந்தாள். விடியும் முன்னே தெருமுனைக்குக் கம்பெனி பஸ் வரும். செல்போன் சார்ஜருக்கு மூடி மாட்டுகிற வேலை. நர்சிங் என்ற பேச்சை அவள் அதற்கப்புறம் எடுக்கவில்லை, எல்லப்பன் காலில் மருந்து போடுவதை மட்டும் விடவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஐயங்கார்குளத்திலிருந்து ஒரு அம்மாள் விசாரித்துக்கொண்டு வந்தாள். புருஷன் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு அங்கேயே நின்றான். அந்த அம்மாளின் கையில் மகளுடைய மார்க் ஷீட், ஒரு சீப்பு வாழைப்பழம். அடுத்த வருஷம் மகளுக்கு டிரஸ்ட் பணம் கிடைக்க வேண்டும், உன் அண்ணனிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்றாள். புண்ணியமாப் போவும், நீயும் பொம்பளப் புள்ள பெத்தவதானே என்று கையைப் பிடித்துக்கொண்டாள். செல்வி வாழைப்பழத்தை அவள் கையிலேயே திருப்பி வைத்தாள்.

"எனுக்கு அண்ணன் யாரும் இல்லம்மா."

ஏரிக்கரையில் இதைச் சொன்னபோது உடம்பெல்லாம் நடுங்கியது. இப்போது நடுக்கம் இல்லை, பொய் சொல்கிறோம் என்ற கூச்சமும் இல்லை. பால் தீர்ந்துவிட்டது, நாளைக்கு வா என்று சொல்வதுபோல வந்தது. அந்த அம்மாள் பழத்தை எடுத்துக்கொண்டு வண்டிக்குப் போனாள். என்ன ஆச்சு என்று புருஷன் கேட்டதும், அவள் சொன்ன பதிலும் செல்வியின் காதில் விழுந்தன.

"தம் பொண்ணுக்கு மட்டும் வாங்கிக் குட்த்துட்டிருப்பா. அடுத்தவ பொண்ணுன்னா அண்ணனே இல்லன்றா."

செல்வி வாசல் கதவைச் சாத்திவிட்டுப் பின்கட்டுக்குப் போனாள். சுதாவின் கம்பெனிச் சட்டை வாளியில் ஊறிக்கொண்டிருந்தது. இப்போது துவைத்துப் போட்டால்தான் விடியற்காலை ஷிஃப்டுக்குள் காயும்.